கீரை விற்பவருக்கு ஐந்து திர்ஹம்

2020ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் மதுரை மாநகரம் இரண்டாம் முறையாக அடைக்கப்பட்டது. மார்ச் 25 முதல் நாடெங்கும் நிலவிய ஊரடங்கு மெல்லத் தளர்ந்து, கடைகள் பாதிக் கதவைத் திறந்து, சிறு வணிகர்கள் சற்றே மூச்சுவிடத் தொடங்கியிருந்த வேளை அது. மாநகராட்சி எல்லையோடு பரவைப் பேரூராட்சியும் சுற்றியுள்ள மதுரை கிழக்கு, மேற்கு, திருப்பரங்குன்றம் ஒன்றியங்களும் அவ்வடைப்பில் சேர்க்கப்பட்டன. ஒரு வாரத்துக்கென அறிவிக்கப்பட்டது நீட்டிக்கப்பட்டு ஜூலை நடுப்பகுதிவரை தொடர்ந்தது.

சிம்மக்கல்லை அறிந்தவர்களுக்கு அந்நாள்களின் அமைதி எத்தகையது என்று விளக்க வேண்டியதில்லை. வைகையின் தென்கரையில், யானைக்கல்லை ஒட்டி, நெடுங்காலமாகப் பழ மண்டிகள் இயங்கிய இடம் அது. சற்றே தள்ளிக் கீழமாரட் வீதியில் வெங்காய மண்டிகள், அருகிலேயே நெல்பேட்டை. விடியலுக்கு முன்பே சுமை இறங்கும். ஏலக் குரல் எழும். பஜ்ர் தொழுகை முடிந்து வருவோர் வாழைத்தார்களுக்கும் மாம்பழப் பெட்டிகளுக்கும் இடையே வழி தேடி நடப்பர். ஊரடங்கு வந்த காலமோ மாம்பழப் பருவம். மரம் ஊரடங்கை அறியாது. அது பழுத்துக்கொண்டே இருந்தது.

இங்கே தள்ளுவண்டிக்காரர் ஒருவரின் நாளை எண்ணிப் பாருங்கள். அவர் காலையில் மண்டியில் சரக்கு எடுக்கிறார். கையில் முழுப்பணம் இராது. சிட்டையில் எழுதிக்கொண்டு கடனாக எடுப்பார். மாலையில் விற்ற காசிலிருந்து மண்டிக்காரருக்குரியதைக் கொடுப்பார். மீந்தது வீட்டுச் செலவு. மண்டிக்காரரும் தோட்டக்காரருக்கு முன்பணம் கொடுத்தவர். தோட்டக்காரரும் உரக்கடைக்குக் கடன்பட்டவர். ஆக, ஒரு சீப்பு வாழைப்பழத்துக்குப் பின்னால் நான்கு பேருடைய கடன் இருக்கிறது. ஊர் நடமாடும் வரை இச்சங்கிலி ஓசையின்றி ஓடும். நடமாட்டம் நின்ற நாளில் இழப்பு முழுவதும் சங்கிலியின் கடைசிக் கண்ணியில், அதாவது மிக எளியவரின் தலையில், வந்து விழும். அழுகிய பழத்தை மண்டி திரும்பப் பெறாது. சிட்டையிலுள்ள தொகையோ அழுகுவதில்லை.

இவ்விழப்பு யாருடையது என்னும் கேள்வி 2020இல் புதிதாகப் பிறந்ததன்று. அரபுமொழிச் செய்தித்தாள்கள் கொரோனாப் பெருந்தொற்றை 'ஜாயிஹா' என்னும் சொல்லால் குறித்தன. வேரோடு அழிப்பது என்பது அதன் அடிப்பொருள். நம் ஃபிக்ஹ் நூல்களைப் புரட்டுவோர் இச்சொல்லை நோய் பற்றிய பகுதியில் அல்ல, வணிகப் பகுதியில் காண்பர். அங்கே அது பழத்தோட்டத்தைத் தாக்கும் பேரிடரைக் குறிக்கும் கலைச்சொல்: கடுங்குளிர், ஆலங்கட்டி, வெட்டுக்கிளி, பெருவெள்ளம்.

தோட்டத்துப் பழத்தை ஒருவர் தம் சகோதரருக்கு விற்றபின் அதை ஜாயிஹா தாக்கிவிடுமாயின், வாங்கியவரிடமிருந்து விலையாக எதையும் பெறுவது விற்றவருக்கு ஆகாது என்பது ஜாபிர் (ரலி) வழியாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நபிமொழியின் கருத்து. சகோதரரின் பொருளை எந்த உரிமையில் எடுப்பாய் என்னும் வினாவோடு அது முடிகிறது. இமாம்கள் இதன் எல்லையைப் பற்றி வேறுபட்டனர். இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் விளைச்சலில் மூன்றிலொரு பங்கோ அதற்கு மேலோ அழிந்தால் விலையைக் குறைத்தே ஆக வேண்டும் என்றார்கள். இமாம் அஹ்மத் (ரஹ்) அவர்களின் அறியப்பட்ட கருத்தில் அந்த மூன்றிலொரு பங்கு என்னும் வரம்பும் இல்லை. இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களும், தம் பிற்காலக் கருத்தில் இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களும், பழம் வாங்கியவர் பொறுப்பில் விடப்பட்டபின் இழப்பு அவருடையதே. விட்டுக்கொடுப்பது கட்டாயமன்று, விரும்பத்தக்கது என்றார்கள். பின்வந்த இப்னு தைமிய்யா (ரஹ்) இக்கோட்பாட்டைக் குத்தகைக்கும் வாடகைக்கும் விரித்தார்கள்.

அழகர்கோவில், நத்தம் பகுதி மாந்தோப்புகளில் மரத்திலிருக்கும் காய்ப்பையே மொத்தமாகக் குத்தகை பேசும் வழக்கத்தை நாம் அறிவோம். (பக்குவம் தென்படுமுன் விற்கலாகாது என்னும் விதியை அவ்வழக்கம் எத்தனை முறை மீறுகிறது என்பது தனியே பேச வேண்டியது.) பழம் கெடாமல் நிற்க, வாங்குவோர் வர வழியில்லாமல் போவது ஜாயிஹாவில் சேருமா என்று அறிஞர்கள் விவாதிக்கலாம். பறித்து ஒப்படைக்கப்பட்ட மண்டிச் சரக்குக்கு அந்த நபிமொழி நேரடியாகப் பொருந்தாது என்பதும் உண்மை. எனினும் அதன் அடியிலுள்ள எண்ணம் தெளிவானது. யாருடைய குற்றமும் இல்லாமல் வந்த இழப்பை ஒப்பந்தத்தின் ஒருபக்கத்தார் மட்டும் சுமக்கலாகாது.

அதே ஸஹீஹ் முஸ்லிமில் அபூஸயீத் அல்குத்ரீ (ரலி) அறிவிக்கும் நிகழ்ச்சி இன்னும் நெருக்கமானது. பழம் வாங்கிய ஒருவர் அதில் இழப்புக்குள்ளாகிப் பெருங்கடனாளி ஆனார். அவருக்குத் தர்மம் வழங்குங்கள் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். மக்கள் வழங்கினர், கடன் அளவுக்கு அது எட்டவில்லை. கடன் கொடுத்தவர்களை நோக்கி, கிடைத்ததை எடுத்துக்கொள்ளுங்கள், அதற்குமேல் உங்களுக்கு இல்லை என்று தீர்த்து வைத்தார்கள். ஊரார் ஒரு பங்கு, கடன் கொடுத்தவர் ஒரு பங்கு என இழப்பு பிரிந்தது. கடன்பட்டவர் மனிதராக மீண்டும் கடைத்தெருவுக்குப் போக முடிந்தது. முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களும் ஒரு காலத்தில் கடனில் மூழ்கி, சொத்துகளைக் கடன்காரர்களுக்குக் கொடுத்துத் தீர்த்தவர்களே. அதன்பின் அவர்களையே நபி (ஸல்) அவர்கள் யமன் நாட்டுக்குப் பொறுப்பாளராக அனுப்பினார்கள். கடனில் நொடித்துப்போனது அவர்களுடைய தகுதிக்குக் குறையாக எண்ணப்படவில்லை.

முஆத் (ரலி) அவர்கள் இறந்தது ஹிஜ்ரி 18இல், ஷாம் நாட்டைத் தாக்கிய அம்வாஸ் கொள்ளைநோயில். அந்தக் கொள்ளைநோயைக் கேட்டு கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்க் என்னுமிடத்திலிருந்து திரும்பிய செய்தியை ஊரடங்குக் காலத்தில் ஜும்ஆ மேடைகள் இல்லாத குறையைத் தீர்க்க வந்த ஒவ்வொரு கைப்பேசிப் பதிவிலும் கேட்டோம். அதை ஒட்டிய காலத்தில் நடந்த மற்றொன்றை நாம் அவ்வளவாகப் பேசவில்லை. ஹிஜாஸில் மழை பொய்த்து, மண் சாம்பல் நிறமாய்ப் பறந்த 'ரமாதா' ஆண்டில், உமர் (ரலி) அவர்கள் ஜகாத் வசூலிப்போரை அனுப்பாமல் நிறுத்தி வைத்தார்கள். மழை பெய்து மக்கள் தேறிய பிறகே அனுப்பினார்கள்; ஈராண்டுக்குரியதைப் பெற்று, ஒரு பாதியை அந்தந்த ஊர் ஏழைகளுக்கே பங்கிட்டு, மறுபாதியை மட்டும் மதீனாவுக்குக் கொண்டுவரச் சொன்னார்கள். அவகாசம் கொடுத்தார்கள், அவகாசத்துக்கு விலை வைக்கவில்லை.

நம் காலத்தின் அவகாசம் வேறுவகையானது. 2020 மார்ச் 27இல் இந்திய ரிசர்வ் வங்கி தவணைக் கடன்களுக்கு மூன்று மாத ஒத்திவைப்பை அறிவித்தது. பின்னர் அது ஆகஸ்ட் 31 வரை நீண்டது. தவணை நின்றது, வட்டி நிற்கவில்லை. ஒத்திவைத்த மாதங்களுக்கு வட்டிமேல் வட்டி வாங்கலாகாது என்று உச்சநீதிமன்றம் 2021 மார்ச் 23இல் தீர்ப்பளிக்கும்வரை அவ்வழக்கு நடந்தது. 2020 மே 13இல் அறிவிக்கப்பட்ட மூன்று லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன் திட்டம் பெரியதுதான். ஆனால் பிப்ரவரி இறுதியில் வங்கியில் ஏற்கெனவே நிலுவையிலிருந்த கடனில் ஐந்திலொரு பங்கைக் கூடுதலாகக் கொடுப்பது அதன் அமைப்பு. வங்கிக் கடனே இல்லாதவருக்கு அதில் இடமில்லை. பூஜ்யத்தில் ஐந்திலொரு பங்கு பூஜ்யமே.

சாலையோர வணிகர்களுக்கென்று 2020 ஜூன் 1இல் வந்த ஸ்வநிதித் திட்டம் உண்மையிலேயே அடித்தட்டைத் தொட முயன்றது என்பதை மறுக்க இயலாது. பிணையின்றிப் பத்தாயிரம் ரூபாய், ஓராண்டுத் தவணை, ஒழுங்காகக் கட்டுவோருக்கு 7 விழுக்காடு வட்டி மானியம். ஆயினும் உள்ளாட்சியின் அடையாள அட்டையோ பரிந்துரைக் கடிதமோ வேண்டும். வட்டியை அஞ்சும் முஸ்லிம் குடும்பத்துக்கு மானியம் போக மீதமுள்ள வட்டியும் வட்டியாகவே தோன்றும். இத்தயக்கத்தை அறியாமை என்று எள்ளுவோர் உண்டு. எள்ளுவதைவிட, அவருக்கு வேறு என்ன வழி இருந்தது என்று கேட்பது பயனுள்ளது.

இருந்த வழி தண்டல். பத்தாயிரம் கடனென்றால் எட்டாயிரத்து ஐந்நூறு கையில் வரும். நாளுக்கு நூறு வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். கணக்கிட்டால் நூறு நாளில் 17 விழுக்காட்டுக்கும் மேல்; முதல் நாள்தோறும் குறைந்துகொண்டே வருவதால் உண்மைச் சுமை அதனினும் அதிகம். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி ஆகியவற்றோடு தண்டலையும் பெயர்சொல்லித் தடைசெய்கிறது 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அதீத வட்டித் தடைச் சட்டம். சட்டம் வந்து 17 ஆண்டுகளுக்குப் பின்னும் விடியற்காலையில் எளியவரை நம்பிக் கடன் கொடுக்க வருபவர் தண்டல்காரராக இருந்தார் என்றால், வட்டி ஹராம் என்று முழங்கும் நம் சமூகம் அந்த நேரத்தில் அவ்விடத்தில் இல்லை என்பதே பொருள்.

இல்லை என்று சொல்லும்போது, இருந்ததையும் சொல்ல வேண்டும். அவ்வாண்டு ரமளான் ஏப்ரல் 25இல் தொடங்கியது. பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன, நோன்புக் கஞ்சி அண்டாக்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அரசு தரும் கஞ்சி அரிசியைக் காய்ச்சாமல் அரிசியாகவே வீடுகளுக்குச் சேர்ப்பதென்று சமுதாயத் தலைவர்களோடு கலந்து முடிவாயிற்று; தொண்டர்கள் தெருத்தெருவாகக் கொண்டுசேர்த்தனர். அண்டை வீட்டார் எந்த மதத்தவர் என்று பாராமல் உணவு வழங்கிய ஜமாஅத்துகள் பல. இவையெல்லாம் ஒரு கசப்பான சூழலில் நடந்தன என்பதையும் மறக்கலாகாது. டில்லி நிஜாமுத்தீன் நிகழ்ச்சியைக் காரணங்காட்டி, பழவண்டி தள்ளும் முஸ்லிம் எளியவரிடம் பெயர் கேட்டு விரட்டிய செய்திகள் வடமாநிலங்களிலிருந்து வந்தவண்ணம் இருந்தன. நோய்க்கு மதச்சாயம் பூசாதீர்கள் என்று தமிழக முதலமைச்சரே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. வழக்கில் சிக்கிய வெளிநாட்டு தப்லீக் ஜமாஅத்தினர் 31 பேர் மீதான வழக்கை முடித்துவைத்து, அவர்கள் பட்டது போதும் என்ற கருத்தில் 2020 ஜூன் 12இல் ஆணையிட்டது நம் ஊரிலுள்ள உயர்நீதிமன்றக் கிளைதான். சிறு வணிகருக்கு வாடிக்கையாளரின் நம்பிக்கையும் ஒரு முதல். அது குறைந்தால் எந்தக் கடனும் ஈடு செய்யாது.

அரிசி கிடைத்தது; ஆனால் வண்டி நின்றுகொண்டிருந்தது. இங்கேதான் நம் ஃபிக்ஹ் நூல்களின் ஒரு பக்கம் என்னை வியப்பில் ஆழ்த்துகிறது. ஜகாத்தை ஏழைக்கு எவ்வளவு கொடுப்பது என்னும் கேள்விக்கு இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 676) 'அல்மஜ்மூஉ' நூலில் ஷாஃபிஈ அறிஞர்களின் விடையைத் தருகிறார்கள். கைத்தொழில் தெரிந்தவருக்கு அத்தொழிலின் கருவி வாங்கும் அளவு; வணிகம் தெரிந்தவருக்கு அதன் இலாபம் வாழ்க்கைக்குப் போதுமான அளவு முதல். கீரை விற்பவருக்கு ஐந்து அல்லது பத்து திர்ஹம். மணிக்கல் வணிகருக்குப் பத்தாயிரம். மூன்று நூற்றாண்டுகளுக்குப்பின் எகிப்தில் வாழ்ந்த கதீப் ஷிர்பீனீ (ரஹ்) இப்பட்டியலை இன்னும் நிரப்புகிறார்கள். மொச்சை விற்பவருக்குப் பத்து, பழ வணிகருக்கு இருபது, ரொட்டி சுடுபவருக்கு ஐம்பது, மளிகைக்காரருக்கு நூறு, அத்தர் வணிகருக்கு ஆயிரம், துணி வணிகருக்கு இரண்டாயிரம். கடைத்தெருவை நடந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கிறது இது. நம் தென்னாட்டு ஷாஃபிஈ மத்ரஸாக்களில் தலைமுறைகளாக ஓதப்படும் 'ஃபத்ஹுல் முஈன்' நூலிலும், அதை எழுதிய பொன்னானி ஸைனுத்தீன் மக்தூம் (ரஹ்) இதே விதியைச் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

ஐந்து திர்ஹம் என்பது ஏறத்தாழ 15 கிராம் வெள்ளி. ஜகாத் கடமையாகும் வெள்ளியின் அளவு 200 திர்ஹம். அதன் நாற்பதில் ஒரு பங்கு ஐந்து. ஒரு நிஸாப் செல்வத்தின் ஜகாத், ஒரு கீரை வியாபாரியின் முழு முதல். இவ்வளவு நேராகக் கணக்கு பொருந்துவதை மத்ரஸா வகுப்பில் யாரேனும் சுட்டிக்காட்டியிருந்தால், ரமளானில் நூறு நூறு ரூபாயாகச் சில்லறை மாற்றி வரிசையில் நிற்போருக்குக் கொடுக்கும் வழக்கம் இந்த அளவுக்கு வேரூன்றியிருக்குமா என்பது ஐயமே.

மதுரை முஸ்லிம்களில் ஹனஃபி மத்ஹபினர் நிறைய. கடன் இல்லாத ஒருவருக்கு நிஸாப் அளவை ஒரே தடவையில் கொடுப்பது ஹனஃபி மத்ஹபில் மக்ரூஹ்; கடனாளிக்கு அவ்வரம்பு இல்லை. ஊரடங்கில் கடன்படாத தள்ளுவண்டிக்காரர் எத்தனை பேர் இருந்திருப்பர்? மேலும் கடனாளிகள் ஜகாத் பெறும் எட்டு வகையினருள் ஒரு வகையினராகவே குர்ஆனில் இடம்பெற்றுள்ளனர். ஒரு நுட்பத்தை மட்டும் மண்டிக்காரர்கள் கவனிக்க வேண்டும். சிட்டையிலுள்ள கடனைத் தள்ளிவிட்டு அதையே ஜகாத்தாகக் கணக்கு வைத்துக்கொள்வது பெரும்பான்மை அறிஞர்களிடம் செல்லாது. ஜகாத்தைக் கையில் கொடுக்க வேண்டும். அவர் நிபந்தனையின்றித் தாமாகக் கடனைத் திருப்பினால் அது வேறு.

பள்ளிவாசல் கடைகளின் வாடகை இன்னொரு சிக்கல். வக்ஃபு வருமானம் முத்தவல்லியின் சொந்தப் பணமன்று, மனம் இரங்கித் தள்ளுபடி செய்துவிட. ஆனால் சந்தை நிலைக்கு ஒத்த வாடகையே நியாய வாடகை. ஊர் அடங்கிக் கிடந்த மாதத்தில் அந்த நியாய வாடகை எவ்வளவு என்று கேட்க ஃபிக்ஹில் இடமுண்டு. அவகாசம் கொடுப்பதற்கோ எந்தத் தடையும் இல்லை.

கடனுக்கும் முன்மாதிரிகள் இல்லாமல் இல்லை. தேவ்பந்தில் 1961இல் தொடங்கிய முஸ்லிம் ஃபண்டு, மக்களின் சேமிப்பை வட்டியின்றிக் காத்து, நகையைப் பிணையாகக் கொண்டு வட்டியில்லாக் கடன் கொடுத்தது. லாகூரில் 2001இல் ஒரு பெண்ணுக்குக் கொடுத்த பத்தாயிரம் ரூபாயில் தொடங்கிய அகுவத் அமைப்பு பள்ளிவாசலிலேயே கடனைக் கையளித்து, நாடளாவி வளர்ந்தது. அதன் நிறுவனர் அம்ஜத் ஸாகிபுக்கு 2021இல் மகசேசே விருது கிடைத்தது. அவ்வளவு தொலைவு போக வேண்டாம். அதிராம்பட்டினம் பைத்துல்மால் வட்டியில்லா நகைக்கடன் கொடுத்து வருவது நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் நகைக்கடனுக்கு நகை வேண்டும். மண்டிக்காரர் தள்ளுவண்டிக்காரரை முகம் பார்த்து நம்புகிறாரே, அந்த நம்பிக்கையைப் பிணையாக ஏற்கும் பைத்துல்மால்தான் சிம்மக்கல்லுக்குத் தேவைப்பட்டது. அவருடைய நாணயத்தை அறிந்தவர் மண்டியிலும் தொழுகை வரிசையிலும் அவருக்கு அருகிலேயே இருந்தனர்.

கைவிடப்பட்டவர்களும் சும்மா இருக்கவில்லை. 2020 ஜூலையில் மதுரை உணவகம் ஒன்று முகக்கவச வடிவில் பரோட்டா சுட்டு நாடெங்கும் பேசப்பட்டது. சிரிப்புக்குரிய செய்திதான், ஆனால் கல் சூடாக இருக்க வழி தேடியவரின் செய்தி. சிம்மக்கல்லிலிருந்து நடந்து போகும் தொலைவிலுள்ள புதுமண்டபத்தில் முஸ்லிம் தையற்காரர்களும் நெடுங்காலமாக இருந்தனர். அழகர் வேடமிடுவோருக்கான உடைகள் அங்கே தைக்கப்பட்டன. 2020இலும் 2021இலும் அழகர் ஆற்றில் இறங்கக் கூட்டம் கூடவில்லை. திருவிழாத் தையல் இல்லை. இரண்டு பெருநாள் தையலும் இல்லை. முகக்கவசத் தையல்தான் ஊசிக்கு வேலை கொடுத்தது.

2021 மே 14 பெருநாளும் முழு ஊரடங்கில் கழிந்தது. பெருநாள் முடிந்து பத்தாம் நாள், மே 24இல், தளர்வுகளற்ற ஊரடங்கு வந்தது. மளிகைக் கடைகளும் காய்கறிக் கடைகளும் மூடப்பட்டன. காய்கறியும் பழமும் வண்டிகளில் மட்டும், உள்ளாட்சி அனுமதியோடு, தெருவுக்குத் தெரு விற்கலாம் என்று அரசு ஏற்பாடு செய்தது. கடையுடையோர் கதவடைத்திருக்க, வண்டியுடையவரை ஊர் வாசலில் நின்று எதிர்பார்த்தது. ஓராண்டுக்கு மேலாக முடங்கி, பழைய சிட்டையின் பாக்கி தீராத நிலையில், அன்றைய சரக்கெடுக்க அவர் மறுபடியும் விடியலுக்கு முன் மண்டி வாசலுக்குத்தான் போக வேண்டியிருந்தது.